எத்தனை பங்கு வாங்கலாம்? ரவாங்கில் யாரும் கேட்காத கேள்வி

“அண்ணே, எந்த ஷேர் ஏறும்?”

மலேசியாவின் ரவாங்கில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. சுங்கை சோ தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்துத் தேநீர்க் கடையில் உட்காரும் இளைஞர்கள் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். காலை கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது. டெலிகிராம் குழுவைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வந்து விழும். “என் கையில் இருபதாயிரம் வெள்ளி இருக்கிறது, இந்த ஷேரில் நான் எத்தனை வாங்கலாம்?” என்று கேட்பவரைத்தான் காணோம்.

பங்கு வாங்கிக் குடும்பம் நொடிப்பதற்குத் தவறான பங்கைத் தேர்ந்தெடுத்தது மட்டும் காரணமாவதில்லை. தாங்க முடியாத அளவுக்கு வாங்கியதே பெரும்பாலும் காரணம் என்று நான் நம்புகிறேன். எந்தப் பங்கு ஏறும் என்பதில் பெரிய பெரிய நிதி நிறுவனங்களே தவறுகின்றன. எவ்வளவு வாங்குவது என்பதோ ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் வரும் வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்கை நம் வீடுகளில் சொல்லித் தர ஆளில்லை.

ரவாங் துணிந்து முதலீடு செய்தவர்களைப் பார்த்த ஊர். மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் வேலை செய்தது இங்கேதான். 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சார இறைப்பு இயந்திரங்களை இயக்கினார்கள். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். அன்றைக்கு இந்த வட்டாரத்தில் எவரும் செய்து பார்க்காத காரியம் அது. ஆனால் அதில் இரண்டு பேரும் தனித்தனியாக இறங்கவில்லை, சேர்ந்து இறங்கினார்கள். ரவாங் சுரங்கம் தோற்றிருந்தாலும் லோக் இயூவுக்கு வேறு சுரங்கங்களும் வரிக் குத்தகைகளும் இருந்தன. அவர்களின் துணிச்சலைப் பேசுகிற நாம் அந்தத் துணிச்சலுக்கு இருந்த அளவைப் பேசுவதில்லை.

மைக்காவில் போட்ட பணம்

இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பங்கு என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது மைக்கா ஹோல்டிங்ஸ். 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சி தொடங்கிய நிறுவனம். இந்தியச் சமூகத்துக்கு நாட்டின் பொருளாதாரத்தில் ஓர் இடம் வேண்டும் என்ற அழைப்பை நம்பி 66,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். திரண்டது ஏறத்தாழ 106 மில்லியன் ரிங்கிட். அதில் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளர்களும் சிறு சம்பளக்காரர்களும் கொடுத்தது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. பிறகு எழுந்த சர்ச்சைகள் பற்றியும் நிர்வாகம் பற்றியும் பல ஆண்டுகளாகப் பேசியாயிற்று. 2010இல் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தின் டான்ஸ்ரீ ஜி. ஞானலிங்கம் குடும்பத்தின் ஜி டீம் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் தருவதாக முன்வந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்து, ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை அது.

யார் தவறு என்ற கேள்வி நியாயமானது. அதை ஒருபோதும் கைவிடக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியின் பின்னால் மறைந்துபோன இன்னொன்று இருக்கிறது: அடகு வைத்த நகையின் பணம் முழுவதையும் ஒரே பங்கில் போட்ட அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு, எவ்வளவு போடலாம் என்று யார் சொன்னார்கள்?

மைக்கா கடைசிவரை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. விற்க வேண்டுமென்றால் வாங்க ஆள் தேட வேண்டும். விலை இறங்கும்போது இந்த இடத்தில் வெளியேறிவிடலாம் என்று தீர்மானித்துக்கொள்ள ஓர் இடமே கிடையாது. அப்படிப்பட்ட பங்கை வாங்குகிறபோது கணக்கு மிக எளிது. போட்டது அத்தனையும் போகலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் சேமிப்பு 5,000 வெள்ளி, அதில் 250 வெள்ளி போனால் தாங்கலாம் என்றால், ஒரு வெள்ளிப் பங்கில் 250 வாங்கலாம். அதற்கு மேல் ஒன்றுகூட வாங்கக் கூடாது. இந்த ஒரு வரியை அன்றைக்கு எல்லாத் தோட்டங்களிலும் யாராவது சொல்லியிருந்தால், நிறுவனத்தின் கதை மாறியிருக்காது. பல வீடுகளின் கதை மாறியிருக்கும்.

அதற்கு முன்பே நம்மிடம் வேறொரு வழியும் இருந்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாதம் 10 வெள்ளி என்ற அளவில் தவணையாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கட்ட வேண்டிய தொகையைச் சம்பளம் தீர்மானித்தது.

கணக்கைத் திருப்பிப் போடுவது

இன்றைக்கு ஒரு பங்கு வாங்குகிறவர் பொதுவாகச் செய்வது இது: கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார், பங்கின் விலையால் வகுக்கிறார், வருகிற எண்ணிக்கையை வாங்குகிறார். இருபதாயிரம் ரிங்கிட் வைத்திருப்பவர் 1.20 ரிங்கிட் பங்கில் 16,000க்கு மேல் வாங்கிவிடுவார். அது 12 சென் இறங்கினால் ஏறத்தாழ 2,000 ரிங்கிட் போய்விடும். முதலீட்டில் பத்தில் ஒரு பங்கு.

திருப்பிப் போட்டுப் பார்ப்போம். முதல் கேள்வி: இந்த ஒரு வாங்கலில் எவ்வளவு போனால் இரவில் தூக்கம் வரும்? இருபதாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் 200 ரிங்கிட். இரண்டாவது கேள்வி: விலை எந்த இடத்துக்கு இறங்கினால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன்? 1.20இல் வாங்கும் பங்குக்கு அது 1.08 என்றால், பங்கு ஒன்றுக்கு ஆபத்து 12 சென். 200 ரிங்கிட்டை 12 சென்னால் வகுத்தால் 1,666. பங்குச் சந்தையில் 100 பங்கு ஒரு லாட் என்பதால் கீழே இறக்கி 1,600. அதற்கு ஆகும் பணம் 1,920 ரிங்கிட். கணக்கில் மிச்சம் 18,000க்கு மேல் கிடக்கும். கிடக்கட்டும்.

இன்னும் முடியவில்லை. வாங்கவும் விற்கவும் தரகுக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சம் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஆயிரத்துக்கு 1 ரிங்கிட் முத்திரைத் தீர்வை, நூற்றுக்கு 0.03 தீர்வுக் கட்டணம். போக வர ஏறத்தாழ 21 ரிங்கிட் ஆகிவிடும். 1,600 பங்கு வாங்கி 1.08இல் விற்றால் 192 ரிங்கிட் விலை நட்டம், 21 ரிங்கிட் செலவு, மொத்தம் 213. எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே 200இல் 21ஐ முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை 12 சென்னால் வகுக்க வேண்டும். விடை 1,491. வாங்க வேண்டியது 1,400 பங்கு. சிறு முதலீட்டாளருக்குக் கட்டணம் சின்ன விஷயமல்ல. இரண்டாயிரம் ரிங்கிட் மட்டும் வைத்திருப்பவரின் நூற்றுக்கு ஒன்று 20 ரிங்கிட். போக வரக் கட்டணமே அதை விழுங்கிவிடும். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருவதே நல்லது என்று யாராவது கனிவோடு சொல்ல வேண்டும்.

இதில் பலர் செய்யும் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஏற்கெனவே 5,000 பங்கு வாங்க ஆசைப்பட்டுவிட்டார்கள். கணக்கு 1,400 என்கிறது. உடனே வெளியேறும் விலையை 1.08இலிருந்து 1.17க்குத் தூக்கிவிடுகிறார்கள். ஆபத்து 3 சென், வகுத்தால் 5,000க்கு மேல் வருகிறது, காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பங்கு சாதாரணமாகவே ஒரு நாளில் 4 சென் ஏறி இறங்குவது. மறுநாளே அடித்து வெளியே தள்ளிவிடும். வெளியேறும் விலையைப் பங்கின் நடத்தை தீர்மானிக்க வேண்டும். எண்ணிக்கை அதிலிருந்து பிறக்க வேண்டும். வரிசை மாறினால் கணக்கு வெறும் சமாதானமாகிவிடும்.

சில்லறைப் பங்குகள் நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தவை. 5 சென் பங்கு 10 சென் ஆனால் பணம் இரட்டிப்பாகுமே என்ற நினைப்பு. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்கு அரை சென் படியில் நகர்கிறது. 5 சென் பங்கில் ஒரு படி இறங்கினால் அதுவே நூற்றுக்குப் பத்து. இரண்டு படி கீழே வெளியேறுவது என்று வைத்து, 200 ரிங்கிட் ஆபத்துக்கு 20,000 பங்கு வாங்கினால், விற்கும்போது ஒரே ஒரு படி தவறிப்போனாலும் நட்டம் 300 ஆகிவிடும். விலை மலிவு என்பதால் ஆபத்தும் மலிவு என்று நினைப்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்த நாட்டின் சிறு முதலீட்டாளர்களிடம் உள்ள மிகப் பெரிய தவறான நம்பிக்கை.

நூற்றுக்கு ஒன்றா, இரண்டா, பத்தா?

பத்து முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று நினைக்கிறோம். பத்துக்கு ஐந்து முறை ஜெயிக்கிறவருக்கும் நீண்ட ஓட்டத்தில் அப்படி ஒரு காலம் வரக்கூடும். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் நூற்றுக்கு ஒன்று வீதம் இழந்தால், பத்துத் தோல்விக்குப் பிறகு 90க்குச் சற்று மேலே மிஞ்சும். இரண்டு வீதம் என்றால் ஏறத்தாழ 82. பத்து வீதம் என்றால் 35 மட்டுமே. 82இல் நிற்பவர் பழைய இடத்துக்குத் திரும்ப நூற்றுக்கு 22 சம்பாதித்தால் போதும். 35இல் நிற்பவர் நூற்றுக்கு 187 சம்பாதிக்க வேண்டும். அதற்காக அவர் அடுத்து என்ன செய்வார் என்பதும் நமக்குத் தெரியும். இன்னும் பெரிதாக வாங்குவார்.

மனநல மருத்துவராக இருந்து வணிகரான அலெக்சாண்டர் எல்டர் ஒரு வாங்கலுக்கு நூற்றுக்கு இரண்டு என்ற எல்லையையும், ஒரு மாதத்தில் மொத்தம் நூற்றுக்கு ஆறு என்ற எல்லையையும் வகுத்தார். ஆறைத் தொட்டால் அந்த மாதம் கடை மூடல். 1983இல் சிக்காகோவில் ரிச்சர்ட் டென்னிஸ், சந்தை அனுபவம் அதிகமில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு வணிகம் கற்றுக்கொடுத்தபோது, ‘ஆமைகள்’ என்று பெயர் பெற்ற அந்த மாணவர்களுக்குச் சொல்லித் தந்ததில் முக்கியமானது இந்த அளவுக் கணக்குதான். ஒரு பொருளின் விலை கடந்த 20 நாள்களில் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு அசைந்தது என்று பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் அசைவு தங்கள் கணக்கில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாத அளவுக்கே வாங்குவார்கள். அதிகம் ஆடுகிற பொருளில் குறைவாக, அமைதியாக நகர்வதில் கூடுதலாக.

ரவாங் குடும்பங்களுக்கு நான் சொல்வது நூற்றுக்கு ஒன்று. டென்னிஸின் மாணவர்கள் ஆடியது அவருடைய பணத்தில். நாம் ஆடுவது வீட்டுத் தவணையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் பக்கத்திலேயே நிற்கிற பணத்தில். எதன் நூற்றுக்கு ஒன்று என்பதும் முக்கியம். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் புதிய சந்தாவில் நூற்றுக்குப் பத்து நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதற்காக அது வணிக முதலாகிவிடாது. ஓய்வுக் காலப் பணத்தையும் அவசரப் பணத்தையும் கூட்டி, அந்தப் பெரிய தொகையில் நூற்றுக்கு ஒன்று எடுப்பது தன்னைத்தானே ஏமாற்றுவது.

விற்க முடியாத நாள்

மேலே போட்ட கணக்கெல்லாம் 1.08 வந்தால் 1.08இல் விற்க முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முடியாத நாள்கள் வரும். 2021 மே மாதம், செர்பா டினாமிக் நிறுவனத்தின் கணக்குகளில் சில பரிமாற்றங்களைக் கணக்காய்வு நிறுவனமான கேபிஎம்ஜி கேள்விக்குள்ளாக்கியது தெரியவந்தது. வணிகம் தொடங்கியதும் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 30 சரிந்து, ஒரு நாளுக்குரிய கீழ் எல்லையில் போய் நின்றது. நடுவில் வெளியேறும் விலை வைத்திருந்தவர்கள் அந்த விலையைப் பார்க்கவே இல்லை. கீழ் எல்லையில் விற்பவர்கள் குவிந்து கிடக்க, வாங்க ஆளில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பங்கின் வணிகமே நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ரேப்பிட் சினெர்ஜி, ஒய்என்எச் போன்ற பங்குகளில் கீழ் எல்லைச் சரிவு மீண்டும் நடந்தது.

அதனால் வகுத்தல் கணக்கோடு இன்னொரு வேலியும் வேண்டும். வெளியேறும் விலை எவ்வளவு அருகில் இருந்தாலும், ஒரே நிறுவனப் பங்கில் மொத்த வணிக முதலில் பத்தில் ஒரு பகுதிக்கு மேல் போடக் கூடாது. இரண்டு நாள் தொடர்ந்து நூற்றுக்கு 30 சரிந்தால், போட்டதில் பாதிக்கு மேல் போய்விடும். பத்தில் ஒரு பங்கு போட்டவருக்கு மொத்தக் கணக்கில் நட்டம் நூற்றுக்கு ஐந்து. வலிக்கும், எழுந்துவிடலாம். முழுவதையும் அதே பங்கில் போட்டவருக்கு அது வேறு கதை. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்குகளுக்கு இந்த வேலி இன்னும் இறுக்கமாக வேண்டும். அவற்றின் அன்றாட எல்லை விழுக்காட்டில் கிடையாது, 30 சென். 25 சென் பங்கை அந்த எல்லை எப்படிக் காப்பாற்றும்?

நான்கு கையுறை நிறுவனங்களின் பங்கு வைத்திருப்பது நான்கு இடத்தில் பணம் போட்டதாகாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் டாப் குளோவ், சுப்பர்மாக்ஸ், கோசான், ஹார்தாலேகா எல்லாம் ஒன்றாக ஏறின. தடுப்பூசிச் செய்தி வந்தபோது ஒன்றாக இறங்கின. ஒரே காரணத்தால் அசைகிற பங்குகளின் ஆபத்தை ஒன்றாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கையுறைக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பங்கு பற்றிப் பேசாத வீடு குறைவு. 2020 அக்டோபரில் டாப் குளோவ் 9 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. 2022இல் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே போனது. நடுவில் நம்மவர்கள் சொன்ன வார்த்தை ‘ஆவரேஜ்’. இறங்க இறங்க வாங்கினால் சராசரி விலை குறையும். உண்மைதான், குறையும். 9 ரிங்கிட்டில் 200 பங்கு, 7இல் 300, 5இல் 400, 3இல் 700 என்று ஒருவர் வாங்கியிருந்தால் மொத்தம் 1,600 பங்கு, போட்டது சரியாக 8,000 ரிங்கிட். சராசரி விலை 5 ரிங்கிட். பங்கு 1 ரிங்கிட்டில் நிற்கும்போது கையில் இருப்பது 1,600 ரிங்கிட். இருபதாயிரம் வைத்திருந்தவர் 6,400ஐ ஒரே எண்ணத்தின்மீது இழந்துவிட்டார், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. முதல் 200 பங்கோடு நின்றிருந்தால் இழப்பு 1,600.

இதைவிடப் பழைய காயம் காண்ட்ரா. பணம் கட்ட வேண்டிய நாளுக்குள் விற்றுவிட்டு வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் வழி. கையில் ஐயாயிரம் வைத்துக்கொண்டு ஐம்பதாயிரத்துக்கு வாங்க அது இடம் கொடுத்தது. கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு 1994 ஜனவரியில் 1,314ஐத் தொட்டது. 1998 செப்டம்பர் முதல் தேதி 262இல் கிடந்தது. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள். காண்ட்ராவில் பெரிதாக வாங்கியவர்களுக்கு நட்டம் கடனாக நின்றது. எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கையிலுள்ள முதல் தீர்மானிக்காமல் தரகர் தரும் வசதி தீர்மானித்தால் நடப்பது இதுதான். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இதேபோலச் சிறு பணத்தில் பெரிதாக வாங்க இடம் கொடுக்கும் எதிர்கால, விருப்ப (‘ஆப்ஷன்’) ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டார்கள் என்றது. இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சென்னையில் இருக்கும் உறவினர்கள் அழைத்துச் சொல்லும் ‘ஆப்ஷன்’ லாபக் கதைகளைக் கேட்கும்போது இந்த எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளவு பொருந்தாத பொருள்

இப்போது ரவாங் இளைஞர்கள் சிலர் செம்பனை எண்ணெய் எதிர்கால ஒப்பந்தத்தின் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள். புரிந்துகொள்ள முடிகிறது. தாத்தாவும் பாட்டியும் குலை வெட்டிய, பழம் பொறுக்கிய பொருள். அதன் விலை கோலாலம்பூரில்தான் உலகத்துக்குச் சொல்லப்படுகிறது. 1980இலிருந்து நடக்கும் சந்தை அது.

ஓர் ஒப்பந்தம் 25 டன். விலை டன்னுக்கு 1 ரிங்கிட் அசைந்தால் கணக்கில் 25 ரிங்கிட் அசையும். டன் 4,000 ரிங்கிட் என்றால் ஒரே ஒப்பந்தத்தில் நாம் தூக்கி நிற்பது ஒரு லட்சம் ரிங்கிட் எண்ணெய். அதற்குக் கட்டும் முன்பணம் அதில் சிறு பகுதிதான் என்பதால் அந்த எடை தோளில் தெரிவதில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்ட நாள்களில் விலை 7,000 ரிங்கிட்டுக்கு மேல் இருந்தது. ஜூலையில் 4,000க்குக் கீழே. தடை தொடரும் என்று நம்பி ஓர் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தவருக்கு 75,000 ரிங்கிட்டுக்கு மேல் போயிருக்கும்.

அதே வகுத்தல் கணக்கை இங்கேயும் போடுவோம். வணிக முதல் இருபதாயிரம் ரிங்கிட், தாங்கும் நட்டம் 200 ரிங்கிட். இந்தச் சந்தை ஒரு சாதாரண நாளில் ஆடும் ஆட்டத்துக்கு 80 ரிங்கிட்டாவது இடைவெளி விட்டு வெளியேறும் விலை வைக்க வேண்டும் என்று கொள்வோம். ஓர் ஒப்பந்தத்தின் ஆபத்து 80 பெருக்கல் 25, அதாவது 2,000 ரிங்கிட். 200ஐ 2,000ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. பத்தில் ஓர் ஒப்பந்தத்தை யாரும் விற்பதில்லை. பங்கைக் கீழே இறக்கி லாட் கணக்குக்கு முழுமையாக்கியதுபோல இதையும் இறக்கினால் வருவது பூஜ்யம். இரண்டு லட்சம் ரிங்கிட் வணிக முதலாக வைத்திருப்பவருக்கு ஒன்று. இருபதாயிரம் வைத்திருக்கும் ரவாங் தம்பிக்கு, விலை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், இன்றைக்கு வாங்க வேண்டிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.